அலர்ஜிக்கான கண் சொட்டு மருந்து: வாங்குவது முதல் தூக்கிப் போடுவது வரை

கண் அரிக்கிறது, சிவக்கிறது, தண்ணீராக வடிகிறது என்று மெடிக்கல் ஷாப்பில் போய்ச் சொன்னால் சின்னதாக ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் 5 மில்லி இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரிதான். உள்ளே இருப்பது நான்கைந்து வகை மருந்துகளில் எதுவாகவும் இருக்கலாம். சில வகைகளை ஒரு சீசன் முழுக்கப் போட்டாலும் பெரிய தொந்தரவு வராது. ஒரு வகையை மூன்று நாளுக்கு மேல் போடக் கூடாது. இன்னொரு வகை, டாக்டரின் கண்காணிப்பு இல்லாமல் தொடர்ந்தால் பார்வையையே பறித்துவிடும்.

ஆகவே கண் மருந்தை முதன்முறையாக வாங்குபவர் பழக வேண்டிய முதல் விஷயம், பெரிய எழுத்தில் உள்ள பிராண்டு பெயரை விட்டுவிட்டு அதன் அருகில் சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படிப்பது. கண் அரிக்கும்போது சின்ன எழுத்தைப் படிப்பது சிரமம். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அல்லது கடைக்காரரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

முதலில், இது அலர்ஜிதானா?

வெள்ளை விழியின் மேலும் இமைகளின் உட்புறமும் கண்ணாடி போல ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. தூசியில் வாழும் நுண்பூச்சி, மகரந்தம், பூனை நாயின் பொடுகு, பூஞ்சை என்று நம் உடலுக்கு ஒவ்வாத ஏதாவது அதன் மேல் படும்போது, அங்கிருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு சக்திச் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அரிப்பு, சிவப்பு, வீக்கம், நீர் வடிதல் எல்லாம் அதனால் வருபவை. கண்ணைக் கசக்கினால் அந்தச் செல்கள் மேலும் உடைந்து இன்னும் ஹிஸ்டமின் வெளியேறும். கசக்கக் கசக்க அரிப்பு கூடுவது இதனால்தான்.

அலர்ஜியின் முக்கிய அடையாளம் அரிப்பு. பொதுவாக இரண்டு கண்ணிலும் வரும். கூடவே தும்மல், மூக்கில் நீர், மூக்கு அரிப்பு இருக்கலாம். பொங்கலுக்கு முன் ஒட்டடை அடிக்கும்போதோ, பழைய பரணைக் கிளறும்போதோ, சீமைக் கருவேலம் பூக்கும் காலத்திலோ தொந்தரவு கூடினால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

'மெட்ராஸ் ஐ' வேறு. அது பெரும்பாலும் வைரஸ் தொற்று. வழக்கமாக ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் அடுத்த கண்ணுக்குப் போகும். அரிப்பை விட மணல் விழுந்த மாதிரி உறுத்தல் அதிகமாக இருக்கும், காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும், வீட்டிலோ வகுப்பிலோ வேறு யாருக்காவது வந்திருக்கும். அலர்ஜி மருந்து அதைக் குணப்படுத்தாது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்த்துவிட்டு மாலையில் எரிச்சலும் உறுத்தலும் வந்தால், அது கண் வறட்சியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சில அறிகுறிகளுக்கு இந்தக் கட்டுரையின் மற்ற எந்தப் பகுதியும் பொருந்தாது. கண்ணில் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சம், கெட்டியான மஞ்சள் அல்லது பச்சைப் பீளை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, ஒரு கண் மட்டும் நன்றாகச் சிவந்திருப்பது, நெல் உமியோ இலையோ இரும்புத் தூளோ அடித்த பின் வந்த சிவப்பு, தலைவலி வாந்தியோடு விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, பிறந்த குழந்தைக்கு வரும் கண் சிவப்பு: இவற்றில் எது இருந்தாலும் சொட்டு மருந்து தேட வேண்டாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குக் கண்ணில் வலியோ சிவப்போ வந்தாலும் அப்படித்தான்.

கையில் இருப்பது எந்த வகை?

நேரடியாக அலர்ஜிக்கு வேலை செய்பவை ஓலோபடாடின், கீட்டோடிஃபென், அசலாஸ்டின், பெபோடாஸ்டின், அல்காஃப்டாடின் போன்றவை. இவை ஹிஸ்டமினைத் தடுப்பதோடு மாஸ்ட் செல் உடையாமலும் பார்த்துக்கொள்கின்றன. சில நிமிடங்களிலேயே அரிப்பு குறையத் தொடங்கும். புதிதாகத் தொடங்குபவருக்குப் பொருத்தமான வகை இதுதான். அமெரிக்காவில் கீட்டோடிஃபென் சொட்டு 2006 முதலும் ஓலோபடாடின் 2020 முதலும் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கின்றன. அதற்காக அளவு பார்க்காமல் போடலாம் என்று ஆகிவிடாது. ஓலோபடாடினையே எடுத்துக்கொள்ளுங்கள். 0.1 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இடையில் 6 முதல் 8 மணி நேரம் விட வேண்டும். 0.2 சதவீதம் என்றால் ஒரே வேளை. பெயர் ஒன்று, வீரியம் வேறு. கீட்டோடிஃபென் 0.025 சதவீதம், 8 முதல் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை.

சோடியம் குரோமோகிளைகேட் பழைய மருந்து, மெதுவானது. முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும், ஒரு நாளைக்கு நான்கு வேளையாவது போட வேண்டும். வருடா வருடம் ஒரே காலத்தில் தொந்தரவு வருபவர்கள் அந்தக் காலம் தொடங்கும் முன்பே ஆரம்பிக்க இது உதவும். இன்று அரிப்பதற்கு இன்றே நிவாரணம் வேண்டும் என்றால் இது சரிப்படாது.

அடுத்தது நாபசோலின் கலந்தவை. சிவப்பைப் போக்கும் மருந்துகள். இவற்றில் ஹிஸ்டமினைத் தடுக்கும் குளோர்பெனிரமினும், சிலவற்றில் கற்பூரமும் மெந்தாலும் சேர்ந்திருக்கும். போட்டதும் ஜில்லென்று இருக்கும், கண் பளிச்சென்று வெளுக்கும். ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் கிடைக்கும் வெளுப்பு அது. அலர்ஜி உள்ளே அப்படியேதான் இருக்கும். தொடர்ந்து போட்டால் மருந்தின் வேகம் குறையும்போது குழாய்கள் முன்பைவிட விரிந்து கண் இன்னும் சிவக்கும். அதைக் குறைக்க மறுபடி அதே மருந்து, மறுபடி சிவப்பு. இந்தச் சுழலில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. மூன்று நாளோடு நிறுத்திவிட வேண்டிய மருந்து இது. குறுகிய கோண வகைக் கிளாக்கோமா (கண் நரம்பு கெடும் கண் அழுத்த நோய்) உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் கொஞ்ச அளவே மயக்கம், மூச்சுத் திணறல் வரை கொண்டுபோகக் கூடும். என்னைக் கேட்டால், முதல் மருந்தாக இதை வாங்கவே வேண்டாம் என்பேன்.

ஆன்டிபயாட்டிக் சொட்டுகள் அலர்ஜிக்கு எதுவும் செய்யாது. செயற்கைக் கண்ணீர் ஒரு மருந்து இல்லைதான், ஆனாலும் நல்ல துணை. கண்ணில் ஒட்டியிருக்கும் மகரந்தத்தையும் தூசியையும் கழுவிவிடும்.

ஸ்டீராய்டு: இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்

டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன், ஃபுளூரோமெத்தலோன், லோட்டிப்ரெட்னால், டைஃபுளுப்ரெட்னேட். பாட்டிலில் இவற்றில் ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. 'சோன்', 'லோன்' என்று முடியும் பெயரைக் கண்டாலே நின்று கேளுங்கள். பல நேரம் இவை தனியாக வராது. மாக்ஸிஃபுளாக்ஸசின் அல்லது சிப்ரோஃபுளாக்ஸசினோடு டெக்ஸாமெத்தசோன் கலந்து வரும். வாங்குபவர் அதை வெறும் ஆன்டிபயாட்டிக் என்று நினைத்துக்கொள்வார்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. கடுமையான அலர்ஜிக்குக் கண் டாக்டர்களே குறுகிய காலத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள், அப்போது அது கண்ணைக் காப்பாற்றவும் செய்யும். சிக்கல் எங்கே என்றால், அது அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. ஒரே நாளில் அரிப்பு போய்விடும். அடுத்த முறை அரிக்கும்போது சீட்டு இல்லாமல் அதே பாட்டிலை வாங்கத் தோன்றும். அப்படியே வருடங்கள் ஓடும். இதற்கிடையில் உள்ளே கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். ஸ்டீராய்டு சொட்டைச் சில வாரங்கள் தொடர்ந்து போடுபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஓரளவாவது அழுத்தம் உயரும், ஒரு சிறு பங்கினருக்கு மிக அதிகமாக உயரும். வலிக்காது. சிவக்காது. பக்கப் பார்வை ஓரத்திலிருந்து மெல்லக் குறைந்துகொண்டே வரும். கிளாக்கோமாவால் போன பார்வையை எந்த ஆபரேஷனாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. கண்புரையும் சின்ன வயதிலேயே வரலாம். கருவிழியில் பூஞ்சைத் தொற்றோ ஹெர்பிஸ் வைரஸோ இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் புண் வேகமாக ஆழமாகும். வயல் வேலையில் கண்ணில் அடிபட்டுப் பூஞ்சைப் புண் வருவது தென்னிந்தியாவில் சகஜம் என்பதால், இந்த ஆபத்து நமக்கு மிகப் பக்கத்திலேயே இருக்கிறது.

எனவே, டாக்டர் ஸ்டீராய்டு எழுதினால் மூன்று கேள்விகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை நாள் போட வேண்டும், எப்படிக் குறைத்து நிறுத்த வேண்டும், கண் அழுத்தம் பார்க்க எப்போது திரும்ப வர வேண்டும். அந்த நாள் முடிந்ததும் மிச்சத்தை வீட்டில் வைத்திருக்காதீர்கள். அரிப்பு திரும்பி வந்தால் மீதமிருக்கும் பாட்டில்தான் முதலில் கைக்கு வரும்.

கடையில்

என்ன அறிகுறி என்று மட்டும் சொல்லி நிற்காமல், "ஸ்டீராய்டு இல்லாத அலர்ஜி சொட்டு" என்று தெளிவாகக் கேளுங்கள். கொடுத்ததைப் படியுங்கள். லேபிளின் இடது பக்கம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டில் கொடுக்க வேண்டிய மருந்து. 'கண்ணுக்கு' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், ஏனென்றால் காதுச் சொட்டு பாட்டிலும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். காலாவதி தேதி, உடையாத சீல் இரண்டையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கிளாக்கோமா உள்ளவர்கள், சமீபத்தில் கண் ஆபரேஷன் செய்தவர்கள் கடையில் கேட்டு வாங்காமல் டாக்டரிடம் கேட்டே தொடங்குவது நல்லது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் அப்படியே.

கண்ணில் விடும் முறை

கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். கண்மை இருந்தால் துடைத்துவிடுங்கள். அரிப்பு அடங்கும் வரை கண்மையே வேண்டாம்.

புதுப் பாட்டிலின் நுனியில் பல நேரம் துளை இருக்காது. மூடிக்குள் ஒரு சின்ன முள் இருக்கும். மூடியைக் கடைசி வரை இறுக்கித் திருகினால் அதுவே நுனியைத் துளைத்துவிடும். ஊக்கு, ஊசி, பிளேடு எதையும் கொண்டு துளை போடாதீர்கள். கிருமி உள்ளே போகும், துளை பெரிதாகிச் சொட்டின் அளவும் மாறிவிடும். திறந்த தேதியை உடனே லேபிளில் பேனாவால் எழுதிவிடுங்கள். லேபிளில் 'குலுக்கவும்' என்று இருந்தால் மட்டும் நன்றாகக் குலுக்குங்கள்.

உட்கார்ந்து தலையைப் பின்னால் சாயுங்கள், அல்லது படுத்துக்கொள்ளுங்கள். கை நடுங்குபவர்களுக்குப் படுப்பதுதான் வசதி. ஒரு விரலால் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்தால் ஒரு சின்னப் பை போல இடம் உண்டாகும். பாட்டில் பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொண்டு, நுனியைக் கண்ணுக்கு மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்து, மேலே பார்த்தபடி அந்தப் பைக்குள் ஒரு சொட்டு விடுங்கள். நேராகக் கருவிழியில் விட்டால் கண் சட்டென்று மூடிக்கொள்ளும், மருந்து கன்னத்தில் வழியும். நுனி இமையிலோ, முடியிலோ, விரலிலோ படக் கூடாது.

ஒரு சொட்டு போதும். இமைக்குள் அதிகபட்சம் சுமார் 30 மைக்ரோலிட்டர்தான் தங்கும், ஒரு சொட்டே பெரும்பாலும் அதைவிடப் பெரியது. இரண்டாவது சொட்டு வழிந்து வீணாகும். கண்ணுக்குள் விழவே இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் இன்னொன்று விடுங்கள்.

இதற்குப் பிறகு செய்வதைத்தான் பலரும் செய்வதில்லை. கண்ணை இறுக்காமல், சிமிட்டாமல் மெல்ல மூடுங்கள். மூக்கை ஒட்டிய கண்ணின் உள் ஓரத்தை விரல் நுனியால் லேசாக அழுத்திக்கொண்டு ஒன்றிரண்டு நிமிடம் இருங்கள். கண்ணீர் வடியும் குழாய் அங்கேதான் தொடங்கி மூக்குக்குள் இறங்குகிறது. சொட்டு விட்டதும் தொண்டையில் கசப்பது அந்த வழியாக மருந்து போவதால்தான். அழுத்திப் பிடித்தால் மருந்து கண்ணிலேயே தங்கும், உடலுக்குள் போவதும் குறையும். வெளியே வழிந்ததைச் சுத்தமான டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், புடவைத் தலைப்போ கைக்குட்டையோ வேண்டாம்.

இரண்டு சொட்டு மருந்துகள் இருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது விடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். களிம்பு இருந்தால் கடைசியில். விட்ட பின் சில நொடி எரிச்சல், கொஞ்ச நேரம் மங்கலான பார்வை இருக்கலாம். பார்வை தெளியும் வரை வண்டி எடுக்காதீர்கள். தலைவலியும் சிலருக்கு வருவதுண்டு. ஆனால் போடப் போட அரிப்பு கூடினாலோ, இமைத் தோல் சிவந்து தடித்தாலோ அந்த மருந்தோ, கிருமி வளராமல் இருக்க அதில் சேர்த்துள்ள பிரிசர்வேட்டிவோ உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

லென்ஸ் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பல சொட்டுகளில் உள்ள பென்சல்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவை சாஃப்ட் லென்ஸ் உறிஞ்சிக்கொள்ளும். மருந்து விட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து லென்ஸ் போடுங்கள். கண் சிவந்திருக்கும் நாட்களில் கண்ணாடியே போதும்.

பிள்ளைகளுக்கு

திமிறும் குழந்தையின் இமையைப் பிடித்து இழுக்க வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய உள் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னால் மருந்து தானாக உள்ளே போகும்.

ஐந்து வயதிலிருந்து பதின்ம வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு, வெர்னல் என்ற கடுமையான அலர்ஜி வருவதுண்டு. வெப்பமான ஊர்களில் இது அதிகம், வெயில் காலத்தில் கூடும். ஓயாமல் கசக்குவார்கள், வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்குவார்கள், பீளை நூல் நூலாக வரும், வெள்ளை விழி கொஞ்சம் பழுப்பேறித் தெரியும். பெரும்பாலும் வளர்ந்த பின் தணிந்துவிடும். ஆனால் தணியும் வரையிலான அந்தச் சில வருடங்கள்தான் ஆபத்தானவை. ஸ்டீராய்டைக் கடையில் வாங்கி வாங்கிப் போட்டுக் கிளாக்கோமா வந்த பிள்ளைகளைக் கண் டாக்டர்கள் இன்றும் பார்க்கிறார்கள். விடாமல் கசக்குவதால் கருவிழி மெலிந்து கூம்பாகும் கெரட்டோகோனஸும் வரலாம். பிள்ளை அடிக்கடி கண்ணைக் கசக்குகிறான் என்றால் அதட்டுவதோடு விட்டுவிடாமல் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத மருந்துகளும் இப்போது இருக்கின்றன.

மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை

சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து மூடிய கண் மேல் ஐந்து பத்து நிமிடம் வையுங்கள். அரிப்பு உச்சத்தில் இருக்கும்போது இது தரும் நிம்மதி பெரிது, பக்க விளைவும் கிடையாது. தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி அளவு சூடான நீரில் துவைத்தால் தூசி நுண்பூச்சிகள் சாகும். பைக்கில் போகும்போது ஹெல்மெட்டின் முன் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். வெளியே போய் வந்ததும் முகத்தைக் கழுவுங்கள். அலர்ஜி மாத்திரை தும்மலுக்கு உதவும், ஆனால் சிலருக்குக் கண்ணை வறட்சியாக்கி உறுத்தலைக் கூட்டும்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், பன்னீர், நந்தியாவட்டைப் பூச்சாறு இவற்றைக் கண்ணில் விடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பாட்டி அன்போடுதான் சொல்வார். ஆனாலும் கிருமி நீக்கம் செய்யாத எதையும் கண்ணில் விடக் கூடாது. அரிப்பாகத் தொடங்கியது கருவிழிப் புண்ணாக முடியலாம்.

பாட்டிலைப் பார்த்துக்கொள்வது

ஒரு பாட்டில் ஒருவருக்கு மட்டும். கணவன் மனைவியாக இருந்தாலும், இருவருக்கும் ஒரே தொந்தரவாக இருந்தாலும் தனித்தனிதான். நுனி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2023-இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றில் சிலர் பார்வை இழந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. அங்கே நடந்தது வீட்டுக் கவனக்குறைவு இல்லை. ஆனால் சொட்டு மருந்துக்குள் கிருமி புகுந்தால் என்ன ஆகும் என்பதை அது காட்டியது.

திறந்து ஒரு மாதம் ஆனதும், பாதி மிச்சமிருந்தாலும் தூக்கிப் போடுங்கள். காலாவதி தேதி இரண்டு வருடம் தள்ளி இருக்கலாம், அது திறக்காத பாட்டிலுக்கானது. பிரிசர்வேட்டிவ் இல்லாத ஒற்றை வேளைக் குப்பிகளைத் திறந்ததும் பயன்படுத்திவிட்டு, மிச்சத்தைத் தூக்கிப் போட வேண்டும். வெயிலில் நிறுத்திய காரிலோ வண்டிப் பெட்டியிலோ மருந்தை வைக்காதீர்கள். லேபிள் தடுக்கவில்லை என்றால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஜில்லென்று விழும் சொட்டு அரிப்புக்கு இதமாக இருக்கும். ஃபிரீசரில் மட்டும் கூடாது. சூப்பர் குளூ, மரு மருந்து மாதிரியான சின்னப் பாட்டில்கள் இருக்கும் அலமாரியில் கண் மருந்தை வைக்கவே வைக்காதீர்கள். அரைத் தூக்கத்தில் மாற்றி எடுத்துக் கண்ணில் விட்ட விபத்துகள் நிஜமாக நடக்கின்றன.

எத்தனை நாள் பார்க்கலாம்?

சரியான அலர்ஜி சொட்டைச் சரியாகப் போட்டால் மூன்று நாளுக்குள் தெளிவான வித்தியாசம் தெரிய வேண்டும். குரோமோகிளைகேட் மட்டும் விதிவிலக்கு. தெரியவில்லை என்றால் பாட்டிலை மாற்றி மாற்றி முயலாமல் கண் டாக்டரிடம் போங்கள். குறைந்தாலும் மாதக்கணக்கில் மருந்து தேவைப்படுகிறது என்றாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

போகும்போது இதுவரை போட்ட எல்லாப் பாட்டில்களையும், காலியானவற்றையும் சேர்த்து, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். "வெள்ளை மூடி, நீல லேபிள்" என்று சொன்னால் டாக்டருக்கு எதுவும் தெரியாது, பாட்டிலைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவற்றில் ஸ்டீராய்டு இருந்து, சில வாரங்களுக்கு மேல் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லி, கண் அழுத்தத்தையும் கண் நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.